கல் மிச்சம் வைத்த வேலை

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். ஓவிய வகுப்பு என்பது பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்ளும் வகுப்பு. ஒரு மணி நேரம் யாரும் பிடுங்கிக்கொள்ளாமல் பேசக் கிடைத்ததற்காகவே இந்தச் சொற்பொழிவை ஏற்பாடு செய்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

எடுத்துக்கொண்ட பொருள், மனிதர்களைக் கூட்டிப் பேசவைக்கும் சிற்பங்கள். கலை உலகில் இவற்றை இப்போது ஊடாட்டச் சிற்பம் என்கிறார்கள். தள்ளி நின்று பார்த்துவிட்டு நகர்வதற்கான சிற்பம் ஒரு வகை. தொட, தள்ள, சாய, சுற்றிவர, உள்ளே நுழைய இடம் கொடுப்பது இன்னொரு வகை. பெயர் புதிது, விஷயம் அப்படியொன்றும் புதிதில்லை. எங்கள் வீட்டில் தறி இருந்தது. பாவு அசையாமல் இழுத்துக் கட்டியிருக்கும். ஊடை போய்ப் போய் வரும். வெறும் பாவைக் காட்டி இதுதான் துணி என்று எந்த நெசவாளியும் சொல்ல மாட்டார். ஊடாட்டம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊடையின் நினைவுதான் வரும்.

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுதோட, உக்கடம் பெரியகுளக் கரைக்குப் போயிருந்தேன். 2016 ஜனவரியில் அறிவித்த முதல் இருபது ஸ்மார்ட் சிட்டிகளில் கோவையும் ஒன்று. அந்தத் திட்டத்தில்தான் நம் குளக்கரைகளுக்கு நடைபாதையும் விளக்கும் இருக்கையும் வந்தன. கூடவே ‘ஐ லவ் கோவை’ என்று ஆளுயர எழுத்துகளும் வந்தன. செல்ஃபி பாயின்ட் என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். அரை மணி நேரம் அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள்: எழுத்துகளுக்கு முதுகைக் காட்டினார்கள், போனுக்கு முகத்தைக் காட்டினார்கள், சிரித்தார்கள், போனார்கள். அந்த எழுத்தை ஒருவரும் நேருக்கு நேர் நின்று பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பி நாலு வரி திட்டி எழுதலாம் என்று எழுந்தேன். அப்போது பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் ஒருவர் தாயாருடன் வந்தார். “ஏனுங்க, ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கறீங்ளா?” எடுத்தேன். அம்மாவின் கால் வெட்டுப்பட்டுவிட்டது. “எங்க காலைக் காணமே!” என்று அந்தம்மா சிரித்தார். மறுபடி எடுத்தேன். அதற்குள் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், சின்னவளுக்கு ஏன் இன்னும் ஆகவில்லை என்று என் குடும்பம் முழுவதையும் விசாரித்து முடித்துவிட்டார். திட்டி எழுதும் எண்ணம் போய்விட்டது. எங்களைப் பேசவைத்தது எது என்று வழியெல்லாம் யோசித்தேன். கை எட்டவில்லை, அவ்வளவுதான். செல்ஃபி குச்சி ஒன்று அவரிடம் இருந்திருந்தால் அந்தம்மாவை நான் சந்தித்திருக்கவே மாட்டேன். இந்த உரையில் நான் சொல்ல வந்தது இந்தச் சின்ன விஷயத்தைத்தான். ஒரு சிற்பம் எந்த வேலையை முடிக்காமல் நமக்கு மிச்சம் வைக்கிறதோ, அந்த மிச்சத்தைச் சுற்றித்தான் பேச்சு உண்டாகிறது.

இந்த மிச்சத்தை எனக்கு முதலில் காட்டிய கல், பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் ஊர் வண்டித்தடத்தில் நின்ற சுமைதாங்கி. இங்கே இருக்கும் இளைஞர்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு குத்துக்கல், மேலே படுக்கையாக ஒரு பலகைக்கல். செதுக்கு வேலை எதுவும் இருக்காது. சிலவற்றில் ஒரு பெயர் இருக்கும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்கு, வழிப்போக்கர் ஒவ்வொருவரும் சுமையை இறக்கி வைக்கும்போது கொஞ்சம் பாரம் குறையும் என்பது நம்பிக்கை. அவ்வளவு பெரிய துக்கத்தை இவ்வளவு உபயோகமான ஒரு பொருளாக மாற்றிய மனசு எப்படிப்பட்டது என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அதன் உயரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. தலைச்சுமை தூக்கியவர்களுக்குத் தெரியும்: தரையில் இருக்கும் கூடையைத் தனியாளாகத் தலைக்கு ஏற்றவும் முடியாது, தலையில் இருப்பதைத் தனியாளாகத் தரைக்கு இறக்கவும் முடியாது. ஒரு கை கொடுக்க இன்னொருவர் வேண்டும். சுமைதாங்கியின் பலகை ஏறக்குறைய நெஞ்சுயரம். லேசாக முழங்காலை மடக்கித் தலையைச் சாய்த்தால் கூடை கல்லுக்கு மாறிவிடும். திரும்ப அப்படியே வாங்கிக்கொள்ளலாம். ஆக, இன்னொரு ஆள் இல்லாத குறையைத் தீர்க்கத்தான் அந்தக் கல் வந்தது. ஆனால் நடந்தது வேறு. சந்தைக்குப் போகிற அத்தனை பேரும் அதே இடத்தில் இறக்கினார்கள். தக்காளிக் கூடையும் வெங்காய மூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, சும்மாட்டுத் துணியை உதறி முகம் துடைத்தபடி, கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசினார்கள். “அந்தக் கல்லுகிட்டத்தான் உங்க அத்தைக்கு மாப்பிள்ளை கெடச்சது” என்று என் அப்பத்தா சொல்வார். உளுந்து விலையில் ஆரம்பித்த பேச்சாம்.

சாலைக்கு மேல் சாலை போட்டதில் இன்று அந்தப் பலகை முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. யாரும் எதையும் இறக்க முடியாது. இறக்கத் தலைச்சுமையும் இல்லை. மினிபஸ்சுக்குக் காத்திருப்பவர்கள் அதில் உட்கார்கிறார்கள். எதிரெதிரே நின்று பேசிய இடத்தில் இப்போது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்க்கிறார்கள். அதே கல்தான். உயரம் இரண்டடி குறைந்ததில் முகம் திரும்பும் திசை மாறிவிட்டது.

இந்த உயரக் கணக்கை வேறொரு ஊரிலும் அளந்திருக்கிறார்கள். நியூயார்க்கில் வில்லியம் ஒயிட் என்றொருவர், 1970-களில், நகரத்துச் சின்னச் சின்னச் சதுக்கங்களில் கேமராவை வைத்துக்கொண்டு மனிதர்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள் என்று படம்பிடித்தார். 1980-இல் அதைப் புத்தகமாகவும் படமாகவும் கொண்டுவந்தார். நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெரியவரும் சம்பளமில்லாமல் செய்யும் வேலைதான். ஒயிட் அளந்து செய்தார். ஒன்றிலிருந்து மூன்றடி உயரத்தில் எது இருந்தாலும் மனிதர்கள் உட்கார்ந்துவிடுவார்கள் என்பது அவர் கண்டதில் ஒன்று. நின்று பேசுகிறவர்கள் ஒதுக்குப்புறம் தேடுவார்கள் என்று எதிர்பார்த்தவருக்கு, ஆள் நடமாட்டத்தின் நட்டநடுவிலேயே அவர்கள் நின்றது இன்னொரு ஆச்சரியம். கோவை ஒப்பணக்காரத் தெருவில் தீபாவளிக் கூட்டத்தில் நடந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது.

அவர் சொன்னதில் நமக்கு வேண்டியது மூன்றாவது. முன்பின் தெரியாத இரண்டு பேர் சும்மா பேசிக்கொள்ள மாட்டார்கள். இருவருக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று வேண்டும்: வித்தை காட்டுகிறவன், வாத்தியம் வாசிக்கிறவன், அல்லது ஒரு சிற்பம். ஒரு வங்கி முற்றத்தில் சிற்பி ழான் துய்புஃபே 1972-இல் நிறுவிய ‘நான்கு மரங்கள்’ என்ற பிரம்மாண்டமான கறுப்பு-வெள்ளைச் சிற்பத்தின் அடியில், ஆட்கள் புகுந்து வெளிவந்து, தட்டிப்பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் அபிப்பிராயம் சொல்வதை ஒயிட் கவனித்தார். நீ, நான், நமக்கு நடுவே அது. இந்த முக்கோணம் விழுந்துவிட்டால் பேச்சு தானாக வரும் என்பது அவர் முடிவு.

கோவையில் இந்த முக்கோணத்தைத் தினம் இரண்டு வேளை நடத்துவது சிற்பமில்லை, பேக்கரி. வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், உங்கள் ஊரில் ஏன் தெருவுக்கு நாலு பேக்கரி என்று. கேக் வாங்க அங்கே யார் போகிறார்கள்? வாசலில் இடுப்பளவு உயரத்தில் எவர்சில்வர் தகடு போட்ட ஒரு வட்ட மேசை நிற்கும். நாற்காலி கிடையாது. டீ கிளாஸை வைக்க இடம் வேண்டும். அந்த மேசைதான் இடம். வட்டம் என்பதால் எங்கே நின்றாலும் எதிரே ஒரு முகம் இருக்கும். லேத் பட்டறைக்காரரும் சாஃப்ட்வேர்ப் பையனும் ஒரே தேங்காய் பன்னைப் பற்றி அபிப்பிராய பேதம் கொள்வதை நான் அங்கேதான் பார்த்திருக்கிறேன். அந்த மேசையை வடிவமைத்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. தெரிந்தால் இன்றைய சொற்பொழிவை அவர்தான் நிகழ்த்தியிருக்க வேண்டும்.

சரி, செதுக்கிய கல்லுக்கு வருவோம். கொங்கின் வடகிழக்கு ஓரத்தில், சேலத்துக்கு மேற்கே தாரமங்கலம் கைலாசநாதர் கோயில். அந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் எடுத்துக் கட்டிய திருப்பணி. அங்கே தூண்களில் ஒரு விளையாட்டு உண்டு. ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் மல்லுக்கு நிற்கிறார்கள். தள்ளி இன்னொரு தூணில் ராமன் வில்லோடு மறைந்து நிற்கிறான். ராமன் பக்கம் நின்று பார்த்தால் சண்டை தெரியும். வாலி பக்கம் நின்று பார்த்தால் ராமன் தெரிய மாட்டான். பார்வைக் கோடு இரு பக்கமும் ஒன்றுதானே, அதெப்படி என்று பௌதிகம் படித்தவர்கள் மடக்குவார்கள். இது கண்ணின் சூட்சுமமில்லை, காலின் சூட்சுமம். இரு சிற்பங்களும் நம்மை எங்கெங்கே நிற்கவைக்கின்றன என்பதில் இருக்கிறது.

ஒரு தடவை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருந்தேன். இதைத் தனியாளாகப் பார்க்க முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒருத்தன் அங்கே நிற்க வேண்டும், இன்னொருத்தன் இங்கே. “தெரியுதாடா?” “தெரியல சார்!” “எனக்குத் தெரியுதே!” பிறகு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். மண்டபமே சந்தைக்கடை ஆகிவிட்டது. ஓமலூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், “ராமரை எங்க சார் காணோம்?” என்று எங்களோடு சேர்ந்துகொண்டது. இப்படி நாலைந்து சுற்று ஓடிய பிறகு, வாலி பக்கம் நின்ற ஒரு பெண் பிள்ளை, சத்தத்துக்கு நடுவே மெதுவாகக் கேட்டாள்: “சார், தெரியாத மாதிரி நின்னு அடிச்சது சரியா?”

கம்பன் வாலியின் வாயில் வைத்த கேள்வியும் அதுதான். பட்டிமன்றங்கள் ஆண்டுக்கணக்கில் மென்று துப்பியும் தீராதது. அந்தச் சிற்பி பதில் எதுவும் செதுக்கவில்லை. அவளை வாலி நின்ற இடத்தில் நிற்கவைத்தான், பிறகு ராமன் நின்ற இடத்துக்கு நடக்கவைத்தான். நடுவில் இருக்கும் அந்த இருபது முப்பது தப்படியை அவளுக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போய்விட்டான். பாடத்திட்டத்தில் ஓவிய வகுப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தத் தப்படிகள்தான்.

அதே கோயிலில் சிங்கத்தின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை உண்டு. விரலை விட்டால் உருளும்; வெளியே எடுக்க வராது. வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டதல்ல, அதே கல்லை வாய்க்குள்ளேயே குடைந்து உருட்டியது. நாயக்கர் காலத்துச் சிற்பிகளுக்கு இது ஒரு கைத்திறன் சவால். இன்று பல கோயில்களில் இப்படிப்பட்ட சிற்பங்களுக்குக் கம்பி போட்டு ‘தொடாதீர்கள்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணெய்க் கையும் சாவிக்கொத்தும் கல்லை என்ன பாடுபடுத்தும் என்று தெரிந்தவன் என்ற முறையில் அந்தப் பலகையை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனாலும் உருளாத உருண்டையைக் கம்பிக்கு வெளியே நின்று பார்ப்பது, விடுகதையை விடையோடு சேர்த்துக் கேட்பது மாதிரிதான்.

கல்லிலிருந்து மரத்துக்கு வருகிறேன். இந்த அரங்கில் பாதிப் பேர் கொங்கு கிராமத்துக்காரர்கள். மாரியாத்தா நோம்பி என்றதும் உங்கள் காதில் தப்பட்டை கேட்கத் தொடங்கிவிடும். பூச்சாட்டு முடிந்து கம்பம் நடுவார்கள். வேம்போ பால் வடியும் மரமோ, மூன்று கிளை பிரியும் கவடாகப் பார்த்து வெட்டி, கோயிலுக்கு எதிரே குழியில் நிறுத்துவார்கள். மஞ்சள் பூசுவார்கள். அம்மனுக்கு அந்தக் கம்பமே கணவன் என்பது ஐதீகம். ராத்திரி கவட்டின்மேல் பூவோடு என்னும் தீச்சட்டி எரியும். சாப்பாட்டுக் கடை முடிந்து தப்பட்டை ஆரம்பித்தால், கம்பத்தைச் சுற்றி ஆட்டம். ஈரோட்டில் பங்குனித் திருவிழாவின்போது பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன் என்று மூன்று கோயில்களிலும் கம்பம் நிற்கும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றப் பெண்கள் விடிவதற்கு முன்பே வரிசையில் நிற்பார்கள். கடைசியில் கம்பத்தைப் பிடுங்கி, மஞ்சள் தண்ணீரும் உப்பும் மிளகும் இறைபட ஊர்வலமாகக் கொண்டுபோய் நீரில் விட்டுவிடுவார்கள்.

இதைச் சிற்பம் என்று சொன்னால் சில கலை விமரிசகர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். உயர்த்தட்டும். தேர்ந்தெடுத்து வெட்டிய வடிவம், நிறுத்தும் இடம், வண்ணம், ஒளி எல்லாம் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்தால் வெறும் கவைக்கம்பு, அதுவும் உண்மை. அந்த வட்டம் வேண்டும் அதற்கு. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் வருஷம் முழுக்கப் பேசாமலிருந்த பங்காளிகள் அதே வட்டத்தில் ஒருத்தன் முதுகைப் பார்த்து ஒருத்தன் ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன். எதிரெதிரே வந்தால் அடித்துக்கொள்வார்கள். வட்டத்தில் எதிரெதிரே வரும் சங்கடம் இல்லை. மூன்றாம் நாள் “அந்த அடவை மாத்திப் போடு” என்று ஒருவன் சொல்வான். அதுதான் ராஜி.

ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு நான் இறங்கினால், என்னோடு படித்த ஒருவனுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். எங்கள் ஊர்க் கம்பத்துக்குத் தப்பட்டை அடித்தது அவன் அப்பா. வட்டத்துக்கு வெளியே, இருட்டுப் பக்கமாக நின்று அடிப்பார். அவர் கை நின்றால் எங்கள் கால் நின்றுவிடும். அவர் மகனுக்கு அந்த வட்டத்தில் ஒரு அடி வைக்க வழியில்லை. மறுநாள் டீக்கடையில் அவர்களுக்குத் தனி டம்ளர். கொங்கில் இந்த இரட்டைக் குவளை இருந்ததை யாரும் மறுக்க முடியாது. மேடை என்றால் உட்காருவதற்கு என்று சொல்கிறோம். அரச மரத்தடி மேடையில் உட்காரக் கூடாதவர்கள் என்றும் ஒரு கணக்கு இருந்தது. ஊடாட்டச் சிற்பத்தைப் பற்றிய வெளிநாட்டுக் கட்டுரைகள் எப்படித் தொடுவது, எப்படிச் சுழற்றுவது என்று எழுதுகின்றன. நம் மண்ணில் யார் தொடலாம் என்பதுதான் முதல் கேள்வி. கண்டதேவி கோயில் தேரின் வடத்தைத் தொட ஒடுக்கப்பட்டவர்களுக்கு உள்ள உரிமை நீதிமன்றம் வரை போனது உங்களுக்கு நினைவிருக்கும்.

தேர் என்றதும் ஒரு வார்த்தை. ஆயிரம் மரச்சிற்பம் செதுக்கினாலும் வடம் பிடிக்க ஆளில்லாவிட்டால் அது தகரக் கொட்டகைக்குள் நிற்கும் மரக்குவியல். அவிநாசித் தேர் அசையும்போது சித்திரை வெயிலில் நின்று பாருங்கள். முன்னால் இழுப்பவர்களுக்கும் பின்னால் சன்னை போட்டு நெம்புபவர்களுக்கும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை வைப்பவர்களுக்கும் இடையே ஓடும் கூச்சல் முழுக்க ஒரு நீண்ட உரையாடல். முட்டுக்கட்டை போடுகிறவனை நாம் வசவாகச் சொல்கிறோம். தேரைத் திருப்புவதே அவன்தான்.

நியூயார்க்கின் ஆஸ்டர் பிளேஸில் 1967-இல் டோனி ரோசந்தால் ‘ஆலமோ’ என்று ஒரு கறுப்பு இரும்புக் கனசதுரத்தை நிறுத்தினார். பக்கத்துக்கு எட்டடி, ஒரு முனையில் நிற்கும். நடுவே அச்சுத்தண்டு இருப்பதால் தள்ளினால் சுழலும். ஒற்றை ஆள் முக்கி முனகிக் கொஞ்சம் அசைக்கலாம். பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருவர் வந்து தோள் கொடுத்தால் சுற்றும். அந்தத் தோளுக்காகவே அதைச் செய்திருக்கிறார்கள் என்று தோன்றும். நம் தேரின் தூரத்து ஒரம்பரை.

அதே ஊரில் எதிர் உதாரணமும் உண்டு, அதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1981-இல் ரிச்சர்ட் செர்ரா ஓர் அரசு அலுவலக முற்றத்தின் குறுக்கே நூற்றிருபது அடி நீளம், பன்னிரண்டடி உயரத்தில் துருப்பிடித்த இரும்புச் சுவர் ஒன்றை வளைத்து நிறுத்தினார். ‘சாய்ந்த வில்’ என்று பெயர். முற்றத்தைக் கடக்கிறவன் தன் நடையை உணர வேண்டும் என்பது அவர் நோக்கம். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட குமாஸ்தாவுக்கு நடையை உணர ஏது நேரம்? உட்காரவும் இடமில்லை, கூடவும் இடமில்லை என்று மனுக்கள் பறந்தன. 1985-இல் பொது விசாரணை வைத்தார்கள். வேண்டும் என்று 122 பேரும் வேண்டாம் என்று 58 பேரும் பேசினார்கள். ஆனாலும் 1989 மார்ச்சில் ஓர் இரவில் அதை வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். மனிதர்களைப் பிரித்த சுவர் என்று குற்றம்சாட்டப்பட்ட சிற்பத்தைப் பற்றி எட்டு வருஷம் ஊரே கூடிப் பேசியிருக்கிறது! இதில் நான் யார் பக்கம் என்று கேட்டால், குமாஸ்தா பக்கம். மாணவனாக இருந்தபோது செர்ரா பக்கம் இருந்தேன்.

பேச்சைக் கிளப்பும் சிற்பத்துக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டாம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் மலம்புழா. விடுமுறை என்றால் கோவைக் குடும்பங்கள் கட்டுச்சோறோடு போய் இறங்கும் இடம். அங்கே அணைத் தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் செய்த யட்சி, முப்பதடி உயரத்தில், ஆடையில்லாமல், வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். செய்தபோது எதிர்ப்பு கிளம்பியது. இன்றும் அவள் முன்னால் நம் குடும்பங்கள் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். அப்பா அணையின் கொள்ளளவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அம்மா பிள்ளைகளை ரோஜாத் தோட்டத்துப் பக்கம் தள்ளுவார். பாட்டி மட்டும் நிமிர்ந்து நன்றாகப் பார்த்துவிட்டு, “என்ன கம்பீரம் பாரு” என்பார். பேச்சை உண்டாக்குவது போலவே பேச்சை மாற்றவைப்பதும் சிற்பத்தின் வேலைதான் போலிருக்கிறது.

இனி, நம் குளக்கரை. அங்கே பார்த்த ஆளுயர எழுத்துகளுக்கெல்லாம் மூத்தது ஆம்ஸ்டர்டாமில் இருந்தது. ஊர்ப்பெயரோடு ‘நான்’ சேர்த்த எழுத்து வரிசை. ஏறி உட்காரவும் இடுக்கில் நுழையவும் அது இடம் கொடுத்தது. கூட்டம் தாங்காமல் 2018 டிசம்பரில் அருங்காட்சியகச் சதுக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சிகாகோவில் மும்பைக்காரர் அனிஷ் கபூர் வைத்த ‘மேக வாசல்’ வேறு மாதிரி. 168 எஃகுத் தகடுகளை இழை தெரியாமல் இணைத்து மெருகேற்றிய மாபெரும் கண்ணாடிக் கொட்டை. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அவரைக்கொட்டை. அதன்முன் நிற்கிறவன் முதலில் தன்னைத் தேடுகிறான். தன் உருவம் வளைந்து நெளிந்து பக்கத்தில் நிற்கும் அந்நியரின் உருவத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இருவரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். செல்ஃபிக்காகவே வந்தவர்களைக்கூட முகம் திருப்பவைக்கிற வேலை அது.

மாநகராட்சிக்கு நான் கண்ணாடிக்கொட்டை கேட்கவில்லை. நம் தலைவர்கள் சிலைகளைப் பாருங்கள். அம்பேத்கரைத் தமிழ்நாடு முழுக்கக் கம்பிக் கூண்டுக்குள் நிறுத்தியிருக்கிறோம். சுற்றி உட்கார ஒரு திட்டுகூட இராது. புதிதாக எதை நிறுத்தினாலும் அதைச் சுற்றி ஒன்றரையடி உயரத்தில், வட்டமாக, கூர்க்கம்பி பதிக்காத ஒரு திண்டு கட்டுங்கள். பையை இறக்கி வைக்க, டீ கிளாஸ் வைக்க, பிள்ளையை நிறுத்தி வைக்க இடம் கொடுங்கள். சிற்பிக்குக் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டால் அந்தத் திண்டுக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. எல்லாரும் உட்காரக்கூடிய திண்டு என்பதற்கு இந்த மண்ணில் என்ன அர்த்தம் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

குறிச்சிக் குளக்கரையில் தமிழ் எழுத்துகளாலேயே ஆன திருவள்ளுவர் நிற்கிறார். உலோக எழுத்துகள் ஒன்றோடொன்று கோத்து முகமும் தாடியுமாகியிருக்கின்றன. முதல் தடவை பார்த்தபோது எனக்கு அது பெரிதாகப் பிடிக்கவில்லை. விளக்குப் போட்டுவிட்டால் எழுத்துகளும் ஒளியும் குழம்பி ஒரு பொருட்காட்சித்தனம் வந்துவிடுகிறது. இன்றைய உரைக்காகப் போன வாரம் இன்னொரு தடவை போனேன். ஒரு ஆத்தாவும் ஐந்தாறு வயதுப் பேரனும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தாவுக்குப் படிக்கத் தெரியாது போல. “எம் பேரு எழுத்து எங்கிருக்குதுன்னு தேடிச் சொல்லு கண்ணு” என்றார். பையன் கையை நீட்டி ஒன்றைக் காட்டினான். பக்கத்தில் நின்ற வேறொரு சிறுமி, “அது ‘ன’ இல்ல, ‘ண’. மூணு சுழி பாரு” என்றாள். தகராறு முற்றியது. நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு நடுவர் ஆனார். அவர் காட்டியதும் வேறு எழுத்து. நானும் தேடினேன்; ஓய்வுபெற்ற வாத்தியாருக்குப் பேசாமல் நிற்க வராது. நாங்கள் ஐந்து பேரும் கழுத்து வலிக்கத் திருவள்ளுவரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது காவலாளி விசில் ஊதினார். ஆத்தா பையனின் கையைப் பிடித்து இழுத்தார். அவன் நகரவில்லை.

“இரு ஆத்தா, அக்கட்டால இன்னும் பாக்கவே இல்ல.”